ஓ என்று ஏமாற்றும் ரத்தம்

கணவன் மனைவி இருவருக்கும் ஓ வகை ரத்தமென்று அட்டையில் எழுதியிருக்க, பிறந்த குழந்தைக்கு ஏ வகை வருமா என்று மாடுங்காவிலிருந்து ஓர் அன்பர் கேட்டிருக்கிறார். வரும். பெரும்பாலும் அது சோதனைப் பிழையாகவோ எழுத்துப் பிழையாகவோதான் இருக்குமாதலால், முதலில் மூவர் ரத்தத்தையும் மறுபடி பார்க்க வேண்டும். பிழையில்லை என்று தெளிந்த பின்பும், ஒரு பெண்ணின் நடத்தையைச் சந்தேகிக்குமுன் நினைக்கவேண்டிய அபூர்வ வகை ஒன்று உண்டு. அதற்கு இந்நகரத்தின் பழைய பெயரான 'பம்பாய்' என்பதே வாய்த்திருக்கிறது.

ஏ, பி என்னும் அடையாளங்கள் சிவப்பணுவின்மேல் நேராக ஒட்டிக்கொள்வதில்லை. 'எச்' என்னும் சர்க்கரைத் தொடர் முதலில் அமைந்தால்தான், அதன் நுனியில் ஏ மரபணு ஒரு சர்க்கரையையும் பி மரபணு வேறொன்றையும் சேர்க்க முடியும். கலியாண வீட்டுப் பந்தற்காலும் அதில் கட்டும் தோரணமும் போல. ஓ வகையினர் வீட்டில் கால் உண்டு, தோரணம் இல்லை. பம்பாய் வகையினர் வீட்டிலோ, தோரணம் பெட்டிக்குள் பத்திரமாக இருந்தாலும் கட்டுவதற்குக் காலே இல்லை. தெருவோடு போகிறவன் இரண்டையும் தோரணமில்லாத வீடுகள் என்று ஒன்றாகவே எழுதிக்கொள்கிறான். கால் நட்ட குடும்பத்தில் அவ்வீட்டார் சம்பந்தம் செய்துகொண்டால், பெட்டியில் கிடந்த தோரணம் குழந்தையின் ரத்தத்தில் பகிரங்கமாகிவிடுகிறது. இன்னும் கேளுங்கள்: பந்தற்காலையே கண்டிராத அவ்வீட்டுக் காவற்காரன், அயல்வீட்டுக் கால் உள்ளே வந்தால் அதைத் திருடன் கைத்தடியென்று எண்ணி நொறுக்கிவிடுகிறான். ஆகவே, யாவர்க்கும் கொடுக்கலாமென்று பெயர்பெற்ற ஓ ரத்தமே இவர்களுக்கு விஷம். ஏற்றிய அணுக்கள் நாளங்களுக்குள்ளேயே சிதைந்து உயிருக்கு அபாயம் நேரும்.

சரித்திரம் சுருக்கமாகப் போதும். 1952-இல் பம்பாயில் ஒய்.எம். பேண்டேயும் சகாக்களும் இத்தகைய மூவரைப் பற்றி 'லான்செட்' பத்திரிகையில் எழுதினர். 1955-இல் அமெரிக்காவில் பிலிப் லெவின், ஓ போலத் தோன்றிய தாயொருத்தி தன் மகளுக்கு பி மரபணுவை வழங்கியிருந்ததைக் காட்டினார். குடும்பத்தார் ரத்தம் கொடுத்து ஒத்துழைத்திராவிடில் அந்த மர்மம் அவிழ்ந்திராது.

ரத்ததான முகாம்களில் ஏ எதிர்ப்புத் துளியையும் பி எதிர்ப்புத் துளியையும் சேர்த்து, திரளவில்லையென்றால் ஓ என்று எழுதிவிடுவார்கள். அந்நபரின் ஊனீரில் ஓ அணுக்களை இட்டுப் பார்க்கும்போதுதான் குட்டு வெளிப்படும்: உண்மையான ஓ சும்மா இருக்கும், பம்பாய் திரளும்.

'எச்' அமைக்கும் மரபணு தாய், தந்தை இருபுறமும் பழுதாகவே வந்தால்தான் இந்நிலை உண்டாகும். இந்தியாவில் ஏறக்குறைய 10,000 பேருக்கு ஒருவர் என்றும், ஐரோப்பாவில் 10 லட்சத்துக்கு ஒருவர் என்றும் சொல்லப்படுகிறது. மாமன் மகள், அத்தை மகன், தாய்மாமன் என்று உறவுக்குள்ளேயே கொடுத்து வாங்கிய குடும்பங்களில், ஒரு மூதாதையின் பழுது இரு வழியாக இறங்கி வந்து ஒரே குழந்தையிடம் கூடுவதற்கு இடம் அதிகம். உமிழ்நீரை அனுப்பினால் வருங்கால நோய்களையெல்லாம் உரைப்பதாக வரும் விளம்பரங்களை நான் நம்புவதில்லை. திருநெல்வேலியிலிருந்து தாராவிக்கு வந்த பாட்டி, யார் யாரைக் கட்டினார்கள், எந்தப் பிரசவத்தில் ரத்தமேற்றியதும் யாருக்குக் குளிர் கண்டது என்று சொல்லும் செய்தி வைத்தியருக்கு அதைவிட உபயோகமானது.

ஒருவர் பம்பாய் வகையென்று தெரிந்தால், அவருடைய பெற்றோரும் பிள்ளைகளும் பெரும்பாலும் அவருக்கு ரத்தம் கொடுக்க இயலாது. உடன்பிறந்தாரிடந்தான் நம்பிக்கை, ஒவ்வொருவருக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. சாதாரணக் குளிர்ப்பெட்டியில் சிவப்பணுக்கள் 42 நாட்களுக்கு மேல் தாங்கா. ஆதலால் கூப்பிட்டால் வரக்கூடிய மனிதர்களின் பெயர்ப்பட்டியலே உண்மையான ரத்த வங்கி.

ஓ என்று எழுதிய அட்டையை வைத்திருக்கும் செம்பூர், தாராவி, மாடுங்கா வாசகர்களே, அடுத்த முறை ரத்ததானம் செய்யும்போது ஊனீர்ச் சோதனையும் நடந்ததா என்று கேளுங்கள். பம்பாய் என்று வந்தால் அண்ணன், தம்பி, அக்கா, தங்கை அனைவரையும் அழைத்துச் செல்லுங்கள். ஆராய்ச்சிக்கு ரத்தம் கேட்டால், எதற்கென்று விளக்கச் சொல்லி, சம்மதப் பத்திரத்தை முழுதும் படித்துவிட்டுக் கொடுங்கள்.