மலையில் ஆட்டுக்குக் காவல் நாய்: வாங்கும் முன் சில விஷயங்கள்

பண்ணைக்காடு, தாண்டிக்குடி பக்கம் காப்பித் தோட்டத்தோடு நாலைந்து ஆடுகளும் வைத்திருக்கும் வீட்டில் சிறுத்தை ஒன்றைத் தூக்கிவிட்டால், மறுநாள் பேச்சு இப்படித்தான் போகும்: "பெரிய நாயா ஒண்ணு வாங்கிக் கட்டிடலாமா?" அடுத்து வருவது, "நம்ம மார்க்கத்துல கூடுமா?" இரண்டாவது கேள்விக்கு விடை எளிது. சிக்கல் முதல் கேள்வியில், அதுவும் 'கட்டி' என்ற சொல்லில்தான் இருக்கிறது.

ஆடு மாடுகளைக் காக்கவும், வேட்டைக்கும், விவசாயத்துக்கும் நாய் வைத்துக்கொள்ள நபி (ஸல்) அவர்கள் அனுமதித்திருக்கிறார்கள். தேவையின்றி வளர்ப்பவரின் நன்மையில் அன்றாடம் ஒரு கீராத் குறையும் (சில அறிவிப்புகளில் இரண்டு) என்ற எச்சரிக்கையும் சேர்ந்தே வருகிறது. புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இது உண்டு. ஆகவே பட்டிக்குக் காவல் என்றால் தயங்க வேண்டியதில்லை. கொடைக்கானல் பங்களா வாசலில் நின்றால் அழகாக இருக்கும் என்று வாங்குவது வேறு கதை.

காவல் நாயும் வேட்டை நாயும் ஒன்றல்ல. சிப்பிப்பாறையும் கன்னியும் துரத்துவதற்கென்றே வளர்க்கப்பட்டவை. மிரண்டு ஓடும் ஆட்டையே துரத்தக்கூடும். தேனி மாவட்டத்துக் கோம்பை காவலுக்குப் பெயர் போனது என்றாலும் குட்டியிலிருந்தே ஆட்டோடு பழக்க வேண்டும். மந்தைக் காவலுக்கென்றே உருவான பெரிய நாயைப் பார்க்க ஜம்மு காஷ்மீர் போக வேண்டும். பீர் பஞ்சால் மலைகளில் ஆடு மேய்த்து நாடோடிகளாக வாழும் பக்கர்வால் முஸ்லிம்களிடம் அவர்கள் பெயரிலேயே ஒரு நாயினம் இருக்கிறது. துருக்கியில் காங்கல். நமீபியாவில் சிவிங்கிப்புலியிடமிருந்து ஆடுகளைக் காக்க 1994 முதல் விவசாயிகளுக்குக் கொடுக்கப்படுவதும் இவ்வகை நாய்கள்தான்.

இவற்றின் வேலை சண்டை போடுவதல்ல. எட்டு வார அளவில் குட்டியை ஆடுகளோடு விட்டால் அவற்றையே தன் குடும்பமாக நினைத்து வளரும். அந்நிய வாடை வந்தால் குரைத்து முன்னால் போய் நிற்கும். பெரும்பாலும் அதுவே போதும். ஆனால் முழுப் பொறுப்பு வர இரண்டு வயதாகும். அதுவரை விளையாட்டாகக் குட்டி ஆட்டின் காதைக் கடித்து வைக்கும், நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சிறுத்தைக்கு நாய் பிடித்தமான இரை. சங்கிலியில் தனியாகக் கட்டிய நாய், எவ்வளவு பெரியதானாலும், ஓடவும் முடியாமல் எதிர்க்கவும் முடியாமல் நிற்கும். இமயமலை மேய்ப்பர்கள் கழுத்தைக் கவ்வ முடியாதபடி நாய்க்கு முள் வைத்த இரும்புப் பட்டை மாட்டுவது இதனால்தான். நம் மலையில் இரவு நேரம் நாயும் ஆடுகளும் கூரையும் கதவும் உறுதியான பட்டிக்குள் இருக்கட்டும். முடிந்தால் நாய் இரண்டாக இருக்கட்டும்.

அடர்ந்த ரோமமுள்ள இனம் 2,100 மீட்டர் உயரத்தில் சுகமாக இருக்கும். அதையே கீழே வத்தலக்குண்டு வெயிலில் வளர்ப்பது கொடுமை. 50 கிலோ வரை வளரும் நாய்க்கு வயிறு முட்ட ஒரே வேளை போடக் கூடாது. வயிறு உப்பி முறுக்கிக்கொண்டால் சில மணி நேரத்தில் உயிர் போகும். இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுத்து, உண்டவுடன் ஓட விடாதீர்கள். மிஞ்சிய பிரியாணியைப் போடுவது நம் வீடுகளில் வழக்கம். வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்த அணுக்களை அழிக்கும், கொடைக்கானல் மலைப்பூண்டும் இதற்கு விலக்கல்ல. வெந்த எலும்பு உடைந்து குடலைக் கிழிக்கும்.

நாய் வாய் வைத்த பாத்திரத்தை ஏழு முறை, அதில் ஒரு முறை மண் கலந்து கழுவ வேண்டும் என்பது ஷாஃபிஈ மத்ஹப். ஈர உடல் பட்டாலும் அதே சட்டம். ஹனஃபியில் எச்சில்தான் நஜீஸ், உலர்ந்த ரோமம் பட்டால் உடை அசுத்தமாகாது. மழையும் பனிமூட்டமுமான மலையில் நாய் காய்வதே அபூர்வம். பட்டிக்கென்று தனிச் சட்டை, தனிச் செருப்பு வைத்துக்கொண்டால் தொழுகை நேரத்தில் அவதியில்லை. நாயின் தட்டும் அங்கேயே கிடக்கட்டும்.

குட்டிக்கு மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி, பிறகு கால்நடை மருத்துவர் சொல்லும் தேதிகளில். வெறிநோய் முற்றினால் மருந்தில்லை. கடித்தாலோ பிறாண்டினாலோ காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசி போட வேண்டும். சுத்தத்துக்காக ஏழு முறை கழுவியாயிற்று என்று ஊசியை விட்டுவிடாதீர்கள். அது வேறு, இது வேறு.