தொட்டி துடைக்க எந்த மீன்?

கண்ணாடியில் பச்சைப் பாசி படிந்துவிட்டது என்று வளர்ப்பு மீன் கடையில் சொன்னால், கொழும்பின் வெள்ளவத்தையோ கொட்டாஞ்சேனையோ, பெரும்பாலும் கைக்கு வருவது விரல் நீளத்துக் கறுப்பு மீன் ஒன்றுதான். பெயர் ‘டேங்க் கிளீனர்’. பாசியைச் சுரண்டும், உண்மைதான். ஆனால் தின்றதை நூல் நூலாகக் கழித்துத் தொட்டியை இன்னும் அழுக்காக்கும். மற்ற மீன்களின் கழிவைத் தின்று தீர்க்கும் மீன் கிடையாது. அது குழாய் வைத்து உறிஞ்சி எடுப்பவரின் வேலை.

அமேசன் ஆற்றுப் பக்கத்திலிருந்து வந்த இந்தக் கெளிறு இனம் ஓரடியையும் தாண்டி வளரும். இரண்டடித் தொட்டியில் திரும்ப இடமில்லாமல் போனதும் பலர் அதைக் கால்வாயில் கொண்டுபோய் விடுகிறார்கள். பொல்கொல்ல நீர்த்தேக்கத்தில் இது குடியேறிப் பெருகியிருக்கிறது. கரையில் குழி தோண்டி முட்டையிடும். இதன் முரட்டு முள் வலையில் சிக்கினால் வலை கிழியும்.

வேறு எதை வாங்கலாம்? குளிர்நாட்டுப் புத்தகங்கள் தரும் பட்டியல் கொழும்புக்குச் சரிவராது. அங்கே தண்ணீரைச் சூடாக்கக் கருவி வேண்டும். இங்கே அறைத் தண்ணீரே ஆண்டு முழுவதும் 28 பாகை செல்சியஸ் அளவில் நிற்கும், சித்திரை வெயிலில் 30ஐயும் தொடும். 25 பாகையில் ஒரு லீற்றர் தண்ணீர் சுமார் 8.3 மில்லிகிராம் ஒட்சிசனைத் தாங்கும், 30 பாகையில் 7.6தான். சூட்டில் மீனுக்கு மூச்சு கூடுதலாகத் தேவைப்படும் நேரத்தில் கையிருப்பு குறைகிறது. அதனால்தான் பாசி தின்பதில் பேர்போன ஒட்டோசிங்கிளஸ் என்னும் குட்டிக் கெளிறும், யப்பானியத் தொட்டிக் கலைஞர் தகாஷி அமானோ பிரபலமாக்கிய இறாலும் இங்கே வாடிவிடுகின்றன. கோரிடோராஸ் என்னும் கெளிறு வாங்குவதென்றால் வெப்பம் தாங்கும் ஸ்டெர்பாய் வகையைக் கேட்டு வாங்குங்கள்.

அடித்தளத்தில் சிந்திய இரையைப் பொறுக்க என் தெரிவு அயிரை. மதுரைக்காரர் குழம்பு வைக்கும் அதே மீன்தான். பொதுவான அயிரை இனத்தின் அறிவியல் பெயர் லெபிடோசெஃபாலிக்திஸ் தெர்மாலிஸ். பெயரிலுள்ள ‘தெர்மாலிஸ்’ சூட்டைக் குறிக்கிறது: 1846இல் பிரெஞ்சு அறிஞர் வலான்சியென் இதை விவரித்தபோது, மாதிரி வந்த இடம் திருகோணமலைக் கன்னியா வெந்நீரூற்று. கொழும்பின் சூடு இதற்கு ஒரு பொருட்டல்ல. ஒட்சிசன் குறைந்தால் மேலே வந்து காற்றை விழுங்கும். இந்தக் குடும்பத்து மீன்கள் பலவற்றுக்குக் குடலும் மூச்சுக்கு உதவும். பகலில் மணலுக்குள் புதைந்து கிடக்கும், விளக்கணைந்ததும் மீசையால் துழாவிப் பொறுக்கும். கூரான சரளைக்கல் மீசையைத் தேய்த்துவிடும், மென்மணல் போடுங்கள். தனியாக விட்டால் ஒளிந்தே கிடக்கும், நாலைந்தாக விடுங்கள்.

பாசிக்கு, நான்கைந்து அங்குலத்தோடு நின்றுவிடும் மீசைமுகக் கெளிறு ஆன்சிஸ்ட்ரஸ் போதும். சுரண்ட ஒரு மரக்கட்டையும் வேண்டும். ‘அல்ஜி ஈட்டர்’ என்று கேட்டால் சீன வகையைக் கட்டிக்கொடுப்பார்கள். அது வளர வளரப் பாசியை மறந்து மற்ற மீன்களின் உடல் வழுவழுப்பை உறிஞ்சத் தொடங்கும். சியாமிய வகைக்கு வால் துடுப்பின் நுனிவரை கறுப்புக் கோடு ஓடும், குணமும் சாது. நம் ஓடைகளில் பாறை நக்கும் கர்ரா செய்லோனென்சிஸ் இலங்கைக்கே உரிய மீன். பாய்ந்தோடும் நீரில் வளர்ந்ததை நிற்கும் வெதுநீரில் அடைக்காதீர்கள்.

கண்ணாடியை வழித்தெடுப்பதில் நெரைட் நத்தையை மிஞ்ச ஆளில்லை. அதன் குஞ்சுகளுக்கு உவர்நீர் வேண்டுமாதலால் நன்னீர்த் தொட்டியில் பெருகித் தொல்லை தராது. களனி ஆற்றிலிருந்து வரும் குழாய்நீரில் சுண்ணாம்பு குறைவு, நத்தை ஓடு அரித்துப்போகும். அதை ஈடுகட்ட, கடற்கரையில் ஒதுங்கும் கணவாய் ஓட்டைக் கழுவி, அவித்து, ஒரு துண்டைத் தொட்டியில் போட்டுவையுங்கள்.