இடைமென்பொருள்: கைப்பேசிச் செயலியின் இடைச்சொல்

முன்னுரை

சிட்லபாக்கத்திலிருந்து நாள்தோறும் நகருக்குச் செல்வோர் பலர் குரோம்பேட்டையிலோ தாம்பரம் சானடோரியத்திலோ மின்சார இரயில் ஏறுவர். அந்நிலையங்கள் அமைந்த எழும்பூர் – தாம்பரம் தடத்தில்தான், 2015 ஏப்ரல் 22 அன்று, முன்பதிவற்ற பயணச்சீட்டைத் தாளின்றிக் கைப்பேசியிலேயே பெறும் வசதி தொடங்கப்பெற்றது. திரையில் நாம் காண்பன சில எழுத்துகளும் பொத்தான்களுமே. அத்திரைக்கும் இரயில்வேயின் பெருங்கணினிகளுக்கும் இடையே நின்று வினையாற்றுவது யாது? அதுவே இடைமென்பொருள், கணினித் துறையினர் அதனை மிடில்வேர் என்பர். அதன் பணியை ஈண்டு ஆராய்வோம்.

பெயர்ப் பொருத்தம்

தொல்காப்பியர் சொற்களைப் பெயர், வினை, இடை, உரி எனப் பகுத்தார். இடைச்சொல் தனித்து இயங்குவதன்று. பெயரையும் வினையையும் சார்ந்தே பொருள் தருவது. 'முருகன் வளவன் அழைத்தான்' என்றால் அழைத்தவன் யார், அழைக்கப்பட்டவன் யார் என்பது விளங்காது. 'ஐ' என்னும் உருபு ஒன்று வந்து சேர்ந்ததும் ஐயம் நீங்குகிறது. இடைமென்பொருளும் இத்தகையதே. தனக்கெனத் திரை இல்லை. ஆயினும் அஃதின்றேல் செயலியும் கணினியும் தம்முள் தொடர்புறா.

மூவகைப் பணிகள்

முதலாவது, மொழிபெயர்ப்பு. பெருநிறுவனங்களின் கணினிகள் பல்வேறு காலங்களில், பல்வேறு முறைகளில் அமைக்கப்பட்டவை. கைப்பேசியோ நேற்றைய வரவு. ஒன்றன் வேண்டுகோளை மற்றொன்றுக்கு விளங்கும் வடிவில் மாற்றித் தருவது இடைமென்பொருளே.

இரண்டாவது, வரிசைப்படுத்தல். ஒரே நொடியில் பல்லாயிரவர் கேட்கும்போது கணினி திணறாதவாறு வேண்டுகோள்களை முறைப்படுத்திப் பல கணினிகளுக்குப் பகிர்ந்தளிக்க வேண்டும்.

மூன்றாவதும் தலையாயதும் நாணயம் காத்தல். பயணியின் மின்பணப்பையில் பணம் கழிகிறது. சீட்டு வருமுன் அலைத்தொடர்பு அறுந்து போகிறது. இப்போது செய்வது என்ன? ஒன்று, இரண்டும் நிறைவேற வேண்டும். இன்றேல் இரண்டும் நிகழாதவையாக வேண்டும். பணம் போய்ச் சீட்டு வாராத நிலை நேர்தல் கூடாது. இவ்வொழுங்கைக் காப்பது இடைமென்பொருளின் கடன்.

வரலாற்றுச் சான்று

இது கைப்பேசிக் காலத்தில் புதிதாய்த் தோன்றியதன்று. இரயில்வேயின் முன்பதிவுக் கணினி மையங்கள் தில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய ஐந்து இடங்களில் இருந்தன. ஒவ்வொன்றும் தன் பகுதி வண்டிகளின் இருக்கைக் கணக்கைத் தானே வைத்திருந்தது. 1986-இல் நிறுவப்பெற்ற இரயில்வே தகவல் அமைப்பு மையமாகிய கிரிஸ், கான்சர்ட் என்னும் திட்டத்தால் 1999-இல் ஐந்தையும் பிணைத்தது. அப்பிணைப்பில் 'ரிலையபிள் டிரான்சாக்ஷன் ரூட்டர்' என்னும் இடைமென்பொருள் பயன்பட்டது. ஓரூரிலிருந்து மற்றோர் ஊரின் வண்டிக்கு இடம்பெறுதல் இதனால் எளிதாயிற்று. 2002-இல் இணையவழிப் பதிவும், பின்னர்க் கைப்பேசிச் செயலிகளும் இவ்வடித்தளத்தின்மேல் எழுந்தன. 2025 ஜூலை 1 அன்று ரயில்ஒன் என்னும் செயலி அறிமுகமாகி, முன்பதிவுச் சீட்டு, முன்பதிவற்ற சீட்டு முதலிய பல சேவைகளை ஒரே வாயிலில் தந்தது. முகங்கள் மாறுகின்றன, பின்னின்று பிணைக்கும் பணி மாறவில்லை என்பது நோக்கத்தக்கது.

எண்ணத்தக்கது

சாளரத்தில் சீட்டு வாங்கிய காலத்தில், சில்லறை குறைந்தால் எதிரே இருந்த எழுத்தரைக் கேட்கலாம். கைப்பேசியில் கேட்பதற்கு எவரும் எதிரே இல்லை. நாட்கூலி பெறுவோர்க்குப் பத்து ரூபாயும் பொருட்டே. அவர்தம் நம்பிக்கை, அவர் பெயரும் அறியாத ஒரு மென்பொருளின் நேர்மையான அமைப்பைச் சார்ந்து நிற்கிறது. எனவே இடைமென்பொருளைப் பிழையற அமைப்பது தொழில்நுட்பக் கடமை மட்டுமன்று, அறக்கடமையும் ஆகும். கைப்பேசி இல்லாத முதியோர்க்குச் சாளரமும் திறந்திருத்தல் வேண்டும் என்பதும் நம் கருத்து.

முடிவுரை

கணினி பயிலும் மாணவர் பலர் கண்ணைக் கவரும் திரைகளை வரைவதிலேயே ஆர்வம் காட்டுகின்றனர். அது வேண்டுவதே. எனினும் பாராட்டுப் பெறாத இடைநிலைப் பணியைக் கற்போர்க்கே பெருநிறுவனங்களின் உள்ளமைப்பு விளங்கும். உருபு ஒன்று பிறழ்ந்தால் தொடரே பொருள் மாறிவிடும். இதனை இலக்கணம் கற்ற நம் மாணவர்க்கு விரித்துரைக்கத் தேவையில்லை.