உங்களுக்குத் தெரியுமா? – நிற்காமல் ஓடும் தண்ணீர்

சொட்டுகிற குழாயின் அடியில் 200 மில்லி டம்ளர் ஒன்றை வைத்து மணி பாருங்கள். 20 நிமிடத்தில் நிரம்பினால், ஒரு நாளைக்கு 14 லிட்டருக்கு மேல் போகிறது. கிட்டத்தட்ட ஒரு பிளாஸ்டிக் குடம். 2019 கோடையில் சென்னையில் லாரித் தண்ணீருக்குக் காத்து நின்றவர்களுக்கு ஒரு குடத்தின் அருமை தெரியும்.

*

குழாயாவது சொட்டிச் சொட்டிக் காட்டிக்கொடுத்துவிடும். வெஸ்டர்ன் டாய்லெட்டின் ஃப்ளஷ் டேங்க் அப்படியல்ல. கசியும் தண்ணீர் பேசினின் பின்பக்கத்தோடு ஒட்டிக்கொண்டு சத்தமே இல்லாமல் இறங்கும். கண்டுபிடிக்க ஒரு சிட்டிகை கேசரி பவுடர் போதும். டேங்க் மூடியைத் திறந்து தண்ணீரில் கலந்துவிட்டு, கால் மணி நேரம் யாரும் ஃப்ளஷ் செய்யாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பேசினில் நிறம் இறங்கியிருந்தால் கசிவு உறுதி. பார்த்ததும் ஃப்ளஷ் செய்துவிடுங்கள், கறை பிடிக்காது.

அடுத்து டேங்குக்குள் எட்டிப் பாருங்கள். உள்ளே நிற்கும் ஓவர்ஃப்ளோ குழாயின் வாய் வழியாகத் தண்ணீர் வழிகிறதா? அப்படியானால் மிதவை உயரத்தில் இருக்கிறது, அல்லது தண்ணீர் நிரப்பும் வால்வு சரியாக மூடவில்லை. மிதவையை இறக்கி, தண்ணீர் மட்டம் குழாய் வாய்க்கு ஓர் அங்குலம் கீழே நிற்கும்படி வையுங்கள். மட்டம் சரியாக இருந்தும் கசிகிறதென்றால் அடியில் இருக்கும் ரப்பர் வாஷரைப் பாருங்கள். தேய்ந்திருக்கலாம், போர் தண்ணீர் என்றால் உப்புப் படிந்து சரியாக உட்காராமல் இருக்கலாம். கழற்றித் துடைத்தாலே பல வீடுகளில் கசிவு நின்றுவிடும். பிளம்பர் டேங்கையே மாற்றச் சொன்னால், சம்மதிக்கும் முன் இதைச் செய்து பாருங்கள்.

*

யாரும் போகாத நடுராத்திரியில் டேங்க் தானாக நிரம்பும் சத்தம் கேட்கிறதா? அதுவும் பெரும்பாலும் இந்த வாஷர் கசிவுதான். மட்டம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, மிதவை தாழ்ந்ததும் வால்வு திறந்துகொள்கிறது.

*

இந்தக் கசிவுக்குப் பயந்தே பிரிட்டனில் நூறு ஆண்டுகளுக்கும் மேலாக வேறு வகை டேங்கைக் கட்டாயமாக வைத்திருந்தார்கள். அதில் அடியில் வாஷரே கிடையாது. கைப்பிடியை இழுத்தால் தண்ணீர் ஒரு வளைவுக்கு மேல் தூக்கப்பட்டு, சைஃபன் முறையில் மொத்தமாக இறங்கும். மூட வேண்டிய துளையே தண்ணீருக்கு அடியில் இல்லாதபோது அந்த வழியில் கசிவதற்கு இடமேது? 1999-ல் வந்த புதிய விதிகளின்படி 2001 முதல் வால்வு டேங்குகளுக்கும் அனுமதி கிடைத்தது. அதன்பிறகு ஒழுகும் டாய்லெட்டுகள் அங்கே பெரிய தலைவலியாகிவிட்டன. அழுத்தினால் போதும் என்ற வசதிக்காக நல்லதொரு ஏற்பாட்டைக் கைவிட்டது பெரிய இழப்பு.

*

திருகி மூடும் குழாய்க்கு இங்கிலாந்தின் ராதர்ஹாம் நகரில் 1845-ல் காப்புரிமை வாங்கினார்கள். அந்த வகைக் குழாய் சொட்டினால் பலங்கொண்ட மட்டும் முறுக்காதீர்கள். முறுக்க முறுக்க உள்ளே இருக்கும் வாஷர் நசுங்கி, சொட்டுவது அதிகமாகும். ஹார்டுவேர் கடையில் சில ரூபாய்க்கு வாஷர் கிடைக்கிறது. கால் சுற்றில் மூடும் புதுவகைக் குழாயில் வாஷருக்குப் பதில் இரண்டு செராமிக் தட்டுகள் இருக்கும். அவற்றுக்கு நடுவே ஒரு மணல் துகள் சிக்கினாலும் ஒழுகும்.

*

சம்ப்பில் கார்ப்பரேஷன் தண்ணீர் நிற்காமல் வழிந்தால், பால் வால்வின் பந்தைக் கழற்றிக் காதருகே ஆட்டுங்கள். உள்ளே தண்ணீர் சலசலத்தால் பந்து ஓட்டை. மிதக்காத பந்து வால்வை மூடாது.

*

கார்ட்டூனிஸ்டும் எழுத்தாளருமான ஆபித் சுர்தி, எழுபது வயதைத் தாண்டியபின் 2007-ல் மும்பையை ஒட்டிய மீரா ரோட்டில் ஒரு வேலையைத் தொடங்கினார். ஞாயிற்றுக்கிழமைகளில் பிளம்பரைக் கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய், ஒழுகும் குழாய்களை இலவசமாகச் சரிசெய்து கொடுத்தார். ஒவ்வொரு அடுக்குமாடிச் சங்கமும் செய்யக்கூடிய வேலை இது.

*

பிளம்பர் வரும்வரை தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. டாய்லெட் டேங்குக்குப் போகும் குழாயில் சுவரோரமாக ஒரு ஆங்கிள் காக் இருக்கும். வலப்பக்கம் திருகினால் மூடிக்கொள்ளும். பல வருடம் தொடாமலே விட்டால் உப்பேறி இறுகிவிடும் என்பதால், சில மாதத்துக்கொரு முறை மூடித் திறந்து வையுங்கள்.