ஒரு பல் உடைந்தால்...

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு ஆலைச் சத்தம் தாலாட்டு மாதிரி. அது ஓடிக்கொண்டிருக்கும் வரை யாரும் கவனிப்பதில்லை. நின்றுவிட்டால்தான் லயத்து வாசல்களில் தலைகள் தெரியும். “என்னவாம்? எது உடைஞ்சு போச்சாம்?”

என் தகப்பனார் ரப்பர் ஸ்டோரில் வேலை பார்த்தவர். 1970களில் ஒரு காலை, உறைந்த பால் தொட்டிகளில் காத்துக் கிடக்கிறது, அதை ஷீட்டாக இழுக்கும் உருளைகள் அசையவில்லை. பல்சக்கரத்தில் இரண்டு பற்கள் போய்விட்டன. சக்கரமோ சீமையில் செய்தது. கடிதம் எழுதி வரவழைப்பதென்றால் மாதக்கணக்கில் ஆகும். கோணிச் சாக்கில் அதைக் கட்டிக்கொண்டு அப்பா டவுனுக்குப் பஸ் ஏறினார். நானும் தொற்றிக்கொண்டேன்.

மில்லிங் இயந்திரத்தை நான் முதன்முதலில் பார்த்தது அன்றுதான்.

லேத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதில் இரும்பு சுற்றும், கத்தி அதைத் தொட்டுச் சீவும். மில்லிங்கில் நேர்மாறு. சுற்றுவது கத்தி. இரும்பை மேசைமேல் இறுக்கிக் கட்டி, கைச்சக்கரங்களைத் திருகி மேசையை இடம் வலமாகவும், முன் பின்னாகவும், மேலும் கீழுமாகவும் நகர்த்தவேண்டும். உருண்டை வேலைக்கு லேத் என்றால், தட்டை முகம், பள்ளம், சக்கரப் பல் ஆகியவற்றுக்கு மில்லிங். சுழல்தண்டில் சக்கரம் வழுக்காமல் இருக்க ஒரு ‘சாவி’ செருகுவார்கள் அல்லவா? அந்தச் சாவிப் பள்ளத்தை வெட்டுவதும் இதுதான்.

அந்தப் பட்டறையில் மூன்றாம் நாள் புதுச் சக்கரம் கிடைத்தது. வட்டம் சரி. பற்களை எண்ணினோம், 32, அதுவும் சரி. ஸ்டோருக்குக் கொண்டுவந்து மாட்டினால், ஜோடிச் சக்கரத்தின் பல் பள்ளத்துக்குள் இறங்க மறுத்தது! அப்பா முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

என்ன கோளாறு? பழைய சக்கரம் அங்குலக் கணக்கில் பிறந்தது. வெட்டிய கத்தியோ மில்லிமீட்டர் கணக்கு. பார்வைக்கு இரண்டும் அண்ணன் தம்பி. பள்ளம் அரை மில்லிமீட்டர்தான் குறுகல், ஆனால் இரும்புக்கு அது போதும். பல் எண்ணிக்கையோடு 2 கூட்டி, வெளி விட்டத்தால் வகுத்துப் பார்த்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். 32உடன் 2 சேர்த்தால் 34. விட்டம் எட்டரை அங்குலம். வகுத்தால் 4, பின்னமில்லாமல் விழுகிறது. ஆக, அங்குலக் கணக்கில் 4ஆம் அளவுக் கத்தி வேண்டும். அதே விட்டத்தை மில்லிமீட்டரில் அளந்து 34ஆல் வகுத்தால் 6.35 என்று கோணலாக வரும். அங்கிருந்ததோ 6.

இரண்டாவது தடவை வேறொரு பட்டறை. அந்தப் பெரியவர் ஒரு வார்த்தை பேசுமுன் வெர்னியரை எடுத்து அளந்தார். பிறகு வேலை தொடங்கினார்.

வட்டத்தை 32 சமபங்காக எப்படிப் பிரிப்பது? அதற்கென்று ‘டிவைடிங் ஹெட்’ என்றொரு கருவி உண்டு. அதன் கைப்பிடியை 40 சுற்றுச் சுற்றினால் சக்கரம் ஒரே ஒரு சுற்றுச் சுற்றும். 40ஐ 32ஆல் வகுத்தால் ஒன்றேகால். ஒரு பள்ளம் வெட்டியதும், கைப்பிடியை ஒரு முழுச் சுற்றும், துளைத் தட்டில் 20 துளை வட்டத்தில் 5 இடைவெளியும் நகர்த்தவேண்டும். சின்னப் பிள்ளைக் கணக்குத்தான். ஆனால் புதிதாக வருபவர்கள் ஊசி நிற்கும் துளையையே ‘ஒன்று’ என்று எண்ணிவிடுவார்கள். ஐந்து இடைவெளிக்குப் பதில் நான்குதான் நகரும். அது 31 பள்ளம் வரை கண்ணுக்குத் தெரியாது. கடைசியில் ஒரு பல் மட்டும் தவளைபோல் தடித்து நிற்கும். இரும்பும் போச்சு, நாளும் போச்சு!

திருகாணியின் தளர்ச்சி இன்னொரு வம்பு. கைச்சக்கரத்தைக் கோட்டைத் தாண்டித் திருகிவிட்டால், தாண்டிய அளவுக்கு மட்டும் பின்னால் திருப்பினால் போதாது, மேசை அசையாமலே இருக்கும். நன்றாகப் பின்னுக்குப் போய், பழைய திசையிலேயே மறுபடி வரவேண்டும். இதெல்லாம் கைக்குப் பழகவேண்டியது.

எண்களால் ஓடும் மில்லிங் இயந்திரத்தை அமெரிக்காவில் 1952இல் ஓட்டிக் காட்டினார்கள். இன்று ஆயிரம் உருப்படி வேண்டுமானால் கணினி இயந்திரம்தான். ஆனால் ஒரே ஒரு சக்கரம், அதுவும் படம் இல்லாத பழைய சக்கரம் என்றால், பல பட்டறைகளில் இன்னும் கை இயந்திரத்தைத்தான் தேடுகிறார்கள். பால்மரம் போய்ச் செம்பனை வந்த தோட்டங்களிலும் இதே கதைதான். வெட்டிய குலையை 24 மணி நேரத்துக்குள் ஆலையில் போடவேண்டும் என்பார்கள். தாமதித்தால் எண்ணெயில் அமிலம் ஏறும். நடுராத்திரியில் சாவிப் பள்ளம் பிய்ந்துபோனால் யாரைக் கூப்பிடுவது?

உங்கள் வீட்டில் கணக்கில் கெட்டியான பிள்ளை, கடிகாரத்தைக் கழற்றிப்போடும் பிள்ளை இருந்தால் திட்டாதீர்கள். பெண்பிள்ளையானாலும் சரிதான், இது தசை பலத்தைவிடப் பொறுமை கேட்கும் வேலை. மனிதவள இலாகாவின் தொழிற்பயிற்சி நிலையங்களில் இயந்திரத் தொழில் கற்பிக்கிறார்கள். அதற்கு மலேசியத் திறன் சான்றிதழ் உண்டு. சேரும் தகுதியையும் விண்ணப்பத் தேதியையும் நேரில் போய் விசாரித்துக்கொள்ளுங்கள். ஒரு எச்சரிக்கை மட்டும்: சுற்றும் கத்தியருகே கையுறை, தொங்கும் சட்டைக்கை, அவிழ்ந்த கூந்தல் மூன்றும் கூடாது. கையுறை காப்பாற்றும் என்று நினைப்போம், அதுதான் விரலை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

உங்கள் வீட்டுத் தையல் மெஷினோ, புல்வெட்டியோ, ஆலைச் சக்கரமோ எது உடைந்தாலும், உடைந்த துண்டுகளை எறிந்துவிடாதீர்கள். அதோடு ஜோடியாக ஓடும் பாகத்தையும் கழற்றி, ஒரே பையில் போட்டு எடுத்துப் போங்கள். இரண்டாவது தடவை அப்பா அப்படித்தான் போனார். பெரியவர் இரண்டு சக்கரங்களையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பல்லோடு பல் பொருத்தி மெல்ல உருட்டிப் பார்த்தார். ஒரு சுற்று முழுக்க எங்கும் இடறவில்லை.