நள்ளிரவு ரம்மியும் மூளையும்

சூதாட்டத்தில் மூளையைக் கிளறுவது பணம் கைக்கு வரும் நேரம் மட்டுமல்ல, வருமா வராதா என்று காத்திருக்கும் நேரமும்தான். வுல்ஃப்ரம் ஷுல்ட்ஸ் குழுவினர் குரங்குகளை வைத்து நடத்தி 2003-ல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. பழச்சாறு நிச்சயம் கிடைக்கும் என்றாலும், கிடைக்கவே கிடைக்காது என்றாலும், காத்திருந்த நேரத்தில் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்கள் பரபரக்கவில்லை. இரண்டுக்கும் சரிபாதி வாய்ப்பு என்றபோதுதான் அவற்றின் துடிப்பு முடிவு தெரியும்வரை ஏறிக்கொண்டே போனது.

செல்போனில் ஆடும் பதின்மூன்று சீட்டு ரம்மி இந்த நிலையைத் திரும்பத் திரும்ப உண்டாக்குகிறது. கையில் ஆட்டின் ஏழும் ஒன்பதும் இருக்கின்றன. எட்டு வந்தால் ஆட்டம் முடிந்தது. எட்டு வருகிறது, ஆனால் டைமண்ட் எட்டு. கணக்குப்படி அது பயனற்ற சீட்டு; மூளைக்கு அப்படித் தெரிவதில்லை. லூக் கிளார்க் குழுவினர் கேம்பிரிட்ஜில் ஸ்லாட் எந்திர ஆட்டத்தை வைத்து நடத்தி 2009-ல் வெளியிட்ட ஆய்வில், நூலிழையில் தவறிய சுற்றுகளும் வெற்றியின்போது இயங்கும் மூளைப் பகுதிகளைத் தூண்டின. தாங்களே படத்தைத் தேர்ந்து ஆடியவர்களுக்கு அந்தத் தோல்வி கசந்தது. கூடவே இன்னொரு சுற்று ஆடும் ஆசையும் கூடியது.

இந்தப் பரபரப்பு மண்டைக்குள் மட்டும் நிற்பதில்லை. ஜெர்மனியில் ஒரு சூதாட்ட விடுதியில் சொந்தப் பணம் வைத்து பிளாக்ஜாக் ஆடியவர்களின் நாடித்துடிப்பும் எச்சிலில் இருந்த கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனின் அளவும், வெறும் புள்ளிகளுக்கு ஆடியபோது இருந்ததைவிட உயர்ந்திருந்தன. கார்டிசால் இயல்பாக நள்ளிரவை ஒட்டித்தான் மிகக் குறைவாக இருக்கும். அந்த நேரத்தில் அதை ஏற்றிவிட்டுப் படுத்தால் தூக்கம் எப்படி வரும்? செல்போன் வெளிச்சம் தூக்க ஹார்மோனான மெலடோனினைக் குறைப்பது உண்மைதான். ஆனால் பழி முழுவதையும் வெளிச்சத்தின் மேல் போடுவது நியாயமில்லை. விளக்கை அணைத்த பிறகும் போட்ட சீட்டும் விட்ட பணமும் மனத்தில் ஓடிக்கொண்டே இருக்கும்.

இதைவிட மோசமானது அடுத்த கட்டம். வினோத் வெங்கட்ராமன், மைக்கேல் சீ ஆகியோர் சிங்கப்பூரில் ஓர் இரவு முழுக்கத் தூங்காமல் வைக்கப்பட்டவர்களிடம் பணயச் சோதனைகள் நடத்தினர். லாபத்தை எதிர்பார்க்கும் மூளைப் பகுதி கூடுதலாக இயங்கியது. நஷ்டத்தை உறைக்கச் செய்யும் பகுதி மந்தமானது. நஷ்டத்தைத் தவிர்க்கப் பார்த்தவர்கள் லாபத்தின் பின்னால் போகத் தொடங்கினர். கண் சொருகியதால் வந்த கவனக்குறைவு என்று இதைத் தள்ளிவிட முடியாது என்பதையும் அவர்களது 2011 ஆய்வு காட்டியது. ஆக, ஆட்டம் தூக்கத்தைக் கெடுக்கிறது. கெட்ட தூக்கம் ஆட்டத்தை வளர்க்கிறது. விட்டதைப் பிடிக்க இரவு இரண்டு மணிக்கு உட்காருபவர், நஷ்டம் உறைக்காத மூளையோடு உட்காருகிறார்.

நள்ளிரவு 12 முதல் காலை 5 மணிவரை பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்குத் தமிழ்நாடு அரசு 2025 பிப்ரவரியில் விதித்த தடை, இந்த வகையில் பொருத்தமான நேரத்தையே குறிவைத்தது. ஆட்ட நிறுவனங்கள் தொடுத்த வழக்கில் அந்த விதிகள் செல்லும் என்று சென்னை உயர் நீதிமன்றம் ஜூன் மாதம் தீர்ப்பளித்தது. ஆகஸ்டில் நாடாளுமன்றம் இத்தகைய ஆட்டங்களை முழுமையாகத் தடைசெய்யும் சட்டத்தையே நிறைவேற்றியது. ஆனால் சட்டம் வந்ததும் பழகிய மூளை மாறிவிடாது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-லேயே சூதாட்டப் பழக்கத்தைப் போதை அடிமைத்தனத்தோடு சேர்த்துவிட்டது. அதற்கு மனநலச் சிகிச்சை உண்டு. ஆட்டத்தை விட முடியாமல் தவிப்பவர்களும் அவர்களது வீட்டாரும் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416-ஐ எந்த நேரத்திலும் இலவசமாக அழைக்கலாம்.