சோம்பேறிக் கண்

சோம்பேறிக் கண் (ஆம்பிளியோபியா) என்பது குழந்தைப் பருவத்தில் ஒரு கண்ணின் பார்வை, சில வேளைகளில் இரு கண்களின் பார்வையும், முழுமையாக வளராமல் குன்றிவிடும் நிலையாகும். கண் வெளித்தோற்றத்தில் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். அதிலிருந்து தெளிவான உருவம் கிடைக்காததால் மூளை அதைப் பயன்படுத்துவதைக் குறைத்துக்கொள்கிறது.

காரணங்கள்

மாறுகண், இரு கண்களின் பார்வைக் குறைபாட்டு அளவு பெரிதும் வேறுபடுதல், பிறவிக் கண்புரை, இமை இறக்கம் ஆகியவை முக்கியக் காரணங்கள். மாறுகண் அதிர்ஷ்டம் என்ற நம்பிக்கையால் பல குழந்தைகளுக்குச் சிகிச்சை தள்ளிப்போகிறது.

வயதின் முக்கியத்துவம்

பிறந்த குழந்தைக்குப் பார்வை முழுமையாக இருப்பதில்லை. முதல் ஏழெட்டு ஆண்டுகளில் கண்ணும் மூளையும் சேர்ந்து பழகியே அது வளர்கிறது. டேவிட் ஹூபெல், டார்ஸ்டன் வீசல் ஆகியோர் பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணை மூடிவைத்து ஆராய்ந்தனர். பின்னர் திறந்தபோது, கண் நலமாக இருந்தும் அதன்வழிப் பார்வை மிகவும் குன்றியிருந்தது. பார்வை பற்றிய ஆய்வுகளுக்காக இருவரும் 1981இல் நோபல் பரிசு பெற்றனர்.

கண்டறிதல்

ஒரு கண் நன்றாகத் தெரிவதால் குழந்தை குறை எதுவும் சொல்லாது. நல்ல கண்ணைக் கையால் மறைத்தால் மட்டும் அழுவது, கையைத் தள்ளிவிடுவது, தலையைச் சாய்த்துப் பார்ப்பது ஆகியவை அறிகுறிகள். கண்பாவையில் வெள்ளை தெரிந்தால் அது கண்புரையாகவோ விழித்திரைப் புற்றுநோயாகவோ இருக்கலாம். உடனே கண் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

தமிழ்நாட்டில் 2009இல் தொடங்கப்பட்ட கண்ணொளி காப்போம் திட்டம் 6 முதல் 10ஆம் வகுப்பு வரையுள்ள மாணவர்களுக்கானது. கிட்டப்பார்வைக்கு இது பெரிதும் உதவும். ஆறாம் வகுப்புக் குழந்தைக்கு 11 வயது ஆகிவிடுவதால், சோம்பேறிக் கண்ணைச் சரிசெய்ய அது தாமதமே. 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்படி மருத்துவக் குழு அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இருமுறையும், அரசுப் பள்ளிகளுக்கு ஒருமுறையும் வர வேண்டும். செஞ்சியை அடுத்த சிங்கவரம் போன்ற சிற்றூர்களில் கண் மருத்துவரைப் பார்க்க வெளியூர் செல்ல வேண்டியிருப்பதால், குழு வரும் நாளில் குழந்தையை அனுப்பத் தவறக் கூடாது.

சிகிச்சை

முதலில் காரணம் சரிசெய்யப்படும். தேவைப்பட்டால் கண்ணாடி அல்லது அறுவைச் சிகிச்சை அளிக்கப்படும். பின்னர் நல்ல கண்ணை நாள்தோறும் குறிப்பிட்ட நேரம் ஒட்டுப்பட்டையால் மூடி, குன்றிய கண்ணுக்கு வேலை கொடுப்பர். இது பல மாதங்கள் நீடிக்கலாம். கேலிக்கு அஞ்சிக் குழந்தை பட்டையைக் கழற்றிவிடுவதுண்டு. அது எதற்காக என்பதை ஆசிரியர் வகுப்பில் விளக்கினால் சிகிச்சை தடைபடாது.